மைப் போத்தலும் பக்கத்து வீட்டு வாத்தும்

எனக்குக் கோவம் வரும். சொல்லிட்டு வராது, பொசுக்குன்னு மூக்குக்கு மேல வந்து நிக்கும். ரந்தாவ் பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸ்ல பல வருஷமா கணக்கு எழுதுற கிராணியா இருக்கேன். லோரிக்காரன் பழக்குலையெல்லாம் இறக்கிட்டு வந்து, "எடைச் சீட்டு காத்துல பறந்துபோச்சுக்கா"ன்னு பல்லைக் காட்டுவான். அந்தப் பல்லு இன்னும் அவன் வாயிலேயே இருக்குன்னா அதுக்கு என் பொறுமைதான் காரணம். கிளினிக்குல பிரஷர் பார்த்த டாக்டர், சின்னப் பொண்ணு, மெஷினை ஒரு தட்டு தட்டிட்டு மறுபடியும் பார்த்துச்சு. அப்பறம் என்னைப் பார்த்துச்சு. "மாத்திரை தரேன் ஆண்ட்டி. ஆனா மனசு அமைதியாகுற மாதிரி எதாச்சும் ஒண்ணு கத்துக்குங்க"ன்னு சொல்லிச்சு.

முதல்ல யோகாவுக்குப் போனேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னாங்க. என் மூச்சு எங்க கேக்குது? பக்கத்துல படுத்திருந்த அம்மா விட்ட குறட்டை போர்டிக்சன் வரைக்கும் கேட்டிருக்கும். நான் எழுப்பி விட்டேன். எழுப்பின விதம் சரியில்லன்னு மாஸ்டர் சொன்னாரு. அதோட விட்டேன். அப்பறம் செடி வெச்சேன். குரங்குங்க கூட்டமா வந்து, பிடுங்கி, கடிச்சுப் பார்த்து, பிடிக்கலன்னு என் கண்ணு முன்னாலேயே துப்பிட்டுப் போச்சுங்க. தின்னுட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

அந்தச் சமயத்துலதான் ஆபீஸுக்கு ஃபைல் வாங்க சிரம்பான்ல ஒரு கடைக்குப் போனேன். கதவுல ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு. மாடியில, சனிக்கிழமை காலையில, பேனாவும் மையும் வெச்சுப் படம் வரையச் சொல்லித் தராங்களாம். கலர் கிடையாது, கறுப்பும் வெள்ளையும்தான். சரி, குரங்கு தின்னாதுன்னு பேரைக் குடுத்துட்டு வந்தேன்.

டீச்சர் ஒரு சீனப் பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். எங்ககிட்ட மலாய்லதான் பேசும். எதுக்கெடுத்தாலும் "சபார் ஆண்ட்டி, சபார்", பொறுமை பொறுமைன்னு சொல்லும். பொறுமை இல்லாமத்தானே இங்க வந்திருக்கேன், இருந்தா வீட்டுல படுத்திருக்க மாட்டேனா?

அங்க குடுத்தது சட்டைப்பையில குத்திக்கிற பேனா இல்ல. மரக் கைப்பிடி, முனையில ரெண்டாப் பிளந்த ஒரு இரும்பு நிப்பு. மைப் போத்தல்ல முக்கணும், விளிம்புல வழிக்கணும், கோடு இழுக்கணும். இவ்வளவுதானேன்னு முக்கி ஒரு அழுத்து அழுத்தினேன். நிப்பு ரெண்டு காலையும் அகட்டிக்கிட்டு நின்னுடுச்சு. காகிதத்துக்கு நடுவுல கரப்பான்பூச்சி சைஸுல ஒரு சொட்டு. முதல் நாள் மட்டும் அப்படி நாலு கரப்பான்பூச்சி போட்டேன்.

போத்தல் மேல இங்கிலீஷ்ல 'இந்தியன் இங்க்'னு எழுதியிருந்துச்சு. அடியில பார்த்தா செஞ்ச இடம் சீனா. பக்கத்துல உக்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா, "இது டாக்குவாட் சீனா, சீனங்க மை"ங்கிறாங்க. நான் டீச்சரைக் கேட்டேன், "முடிவா சொல்லு, இது உங்க ஊரு மையா எங்க ஊரு மையா?" அந்தப் பொண்ணு நிமிர்ந்துகூடப் பார்க்காம, "துணியில பட்டா யாரும் சொந்தம் கொண்டாட மாட்டாங்க ஆண்ட்டி. சோப்பு போட்டாலும் போகாது"ன்னு சொல்லிச்சு. நல்ல பொண்ணுதான்.

இந்த வேலையில இருட்டு வேணும்னா கறுப்பை எடுத்துப் பூசிட முடியாது. ஒண்ணொண்ணா மெல்லிசுக் கோடு இழுக்கணும். இன்னும் இருட்டணும்னா அதுக்குக் குறுக்கே இன்னொரு வரிசை. ஒரு டம்ளரோட நிழலைப் போடுறதுக்குள்ள எனக்குப் பசியே வந்துடுச்சு. மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே இழுத்தா கோடு நேரா வரும், மூச்சைப் பிடிச்சா நடுங்கும். யோகா மாஸ்டர் சொல்லி வராத மூச்சு நிப்பைப் பிடிச்சதும் தானா வந்துச்சு. ரெண்டு மணி நேரமா யாரையும் திட்டலங்கிறது மாடிப்படி இறங்கும்போதுதான் எனக்கே உறைச்சுது. சந்தோஷத்துல கார் பார்க்கிங்ல ஒருத்தன் குறுக்கே வண்டியை விட்டப்பகூட ஹாரனை ஒரே ஒரு தடவைதான் அடிச்சேன்.

அப்பறம் புள்ளி வெச்சே நிழல் போடுற பாடம். புள்ளியா? எனக்கா? மார்கழி மாசம் பூரா வாசல்ல குனிஞ்ச இடுப்பு இது. ஆரஞ்சுப் பழத்தை முன்னால வெச்சு வரையச் சொன்னாங்க, மத்தவங்க பாதி முடிக்கிறதுக்குள்ள நான் முடிச்சுட்டேன். டீச்சர் வந்து தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்துச்சு. "ஆண்ட்டி, உங்க ஆரஞ்சு ஏன் போலீஸ் பரேடு மாதிரி நிக்குது?"ன்னு கேட்டுச்சு. அப்பத்தான் பார்க்கிறேன். பதினஞ்சு புள்ளி, பதினஞ்சு வரிசை, நேர்ப்புள்ளி. கை அதுபாட்டுக்குக் கோலப்புள்ளி வெச்சிருக்கு! இங்க புள்ளி வரிசையில நிக்கக் கூடாதாம், சிதறணுமாம். சிதற மாட்டேங்குதே. ரெண்டு வாரம் போராடித்தான் அந்தக் கையைக் கெடுத்தேன்.

இதெல்லாம் நல்லாத்தான் போச்சு. கெடுத்தது என் வீட்டுக்காரர். தோட்டத்துல லோரி ஓட்டுறாரு, வாயையும் அதே வேகத்துல ஓட்டுவாரு. "என்னா கத்துக்கிறே?"ன்னு கேட்டப்ப, "மை"ன்னு ஒரே வார்த்தையில சொன்னேன், தப்பு என்னுதுதான். அவரு ரந்தாவ் பாசார்க் கடையில தே தாரேக் டீ குடிச்சுக்கிட்டே, "எங்க வீட்டுல மை கத்துக்கிறாங்க லா. சிரம்பான் போய் முறையா கத்துக்கிறாங்க"ன்னு பெருமையா அளந்திருக்காரு.

நம்ம ஆளுங்ககிட்ட மை கத்துக்கிறான்னு சொன்னா படமா ஞாபகத்துக்கு வரும்? வெத்தலையில கறுப்பு மையைத் தடவி, உத்துப் பார்த்து, காணாமப்போன பொருள் எங்க இருக்கு, எடுத்தவன் யாருன்னு சொல்ற ஆளுங்க இன்னமும் அங்கங்க இருக்காங்க. மை போட்டுப் பார்க்கிறதுன்னு சொல்வோம். நான் அதைத்தான் கத்துக்கிறேன்னு ரந்தாவ் முடிவு பண்ணிடுச்சு.

முதல்ல ஒரு மனுஷன் வந்தாரு, மோட்டார் சைக்கிள் சாவி தொலைஞ்சுபோச்சாம். கையில ரெண்டு எலுமிச்சம்பழம் வேற. "நான் அந்த மை இல்லைங்க, இது படம் வரையற மை"ன்னு தன்மையாத்தான் ஆரம்பிச்சேன். அவரு கையைக் கட்டிக்கிட்டு, "நீங்க மனசு வெச்சா தெரியும்மா"ங்கிறாரு. எனக்கு ஏறிடுச்சு. "மோட்டார் சீட்டைத் திறந்து பாருய்யா, போ!"ன்னு கத்தினேன். போய்ப் பார்த்திருக்காரு. அங்கதான் இருந்திருக்கு.

அவ்வளவுதான், முடிஞ்சுது கதை. தோடு தொலைச்சவங்க, ஐசி அட்டை தொலைச்சவங்க, புருஷன் எங்க போறாருன்னு தெரியாதவங்க, எல்லாம் வாசல்ல வந்து நின்னாங்க. நான் கத்தக் கத்த என் பேரு கூடிக்கிட்டே போச்சு. "அந்தம்மாவுக்கு அருள் இறங்கினாத்தான் அப்படிக் கத்தும், நாம கோவிச்சுக்கக் கூடாது"ன்னு பேசிக்கிட்டாங்களாம். நாப்பது வருஷமா என் கோவத்தை யாரும் இவ்வளவு மரியாதையா பார்த்ததில்ல.

இந்தக் கூத்துல சேராத ஒரே ஆளு பக்கத்து வீட்டு அக்கா. அறுபதைத் தாண்டினவங்க, வீட்டுக்காரர் தவறினதுல இருந்து தனியா இருக்காங்க. நான் ஒண்ணு கத்தினா வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு கத்துவாங்க. அப்பறம் அதே வேலி வழியா கொழம்பு வரும். இந்தத் தோட்டத்துலயே எனக்குப் பயப்படாத ஒரே மனுஷி அவங்கதான், அதனாலேயே எனக்கு அவங்களை ரொம்பப் பிடிக்கும்.

அவங்க ஒரு வாத்து வளர்த்தாங்க. மலாய்ல அங்சாம்பாங்க, நாங்க வாத்துன்னே சொல்லிடுவோம். சாதா வாத்து இல்ல, கழுத்து நீண்டு, இடுப்பு உயரத்துக்கு நிக்கிற வெள்ளை ராட்சசன். பாம்பு அண்டாதுன்னு வாங்கினாங்க. பாம்பு என்ன, தபால்காரர்கூட அண்டலை. அக்காவைத் தவிர எல்லாரையும் கடிக்கும், என்னைக் கொஞ்சம் கூடுதலாவே கடிக்கும்.

அந்த வாத்தை வெச்சு அக்கா இன்னொரு காரியமும் சாதிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க மகன் ஜொகூர் பாருல அடுக்குமாடியில இருக்காரு, பன்னெண்டாவது மாடி. "தனியா இருக்காதீங்கம்மா, எங்ககூட வந்துடுங்க"ன்னு வரும்போதெல்லாம் கூப்பிடுவாரு. நல்ல பிள்ளை, அதுதான் சிக்கல். கெட்ட பிள்ளையா இருந்தா முடியாதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பாங்க. அக்காவுக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமே இல்ல. அதை மகன் முகத்தைப் பார்த்துச் சொல்ற தைரியமும் இல்ல. அதனால, "வாத்தை யாருடா பார்த்துக்குவா?"ன்னு கேப்பாங்க. பன்னெண்டாவது மாடியில வாத்து வளர்க்க விடமாட்டாங்க. வேற யாருக்கும் குடுக்கலாம்னா அது கடிக்கிற கடிக்கு ஓசியில குடுத்தாலும் ஆள் இல்ல. மகன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே திரும்பிப் போயிடுவாரு. ரெண்டு வருஷமா இந்த ஒரு கேள்வியை வெச்சே அக்கா தப்பிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அப்பத்தான் எங்க டீச்சர் வீட்டுப்பாடம் குடுத்துச்சு: வெள்ளையா இருக்கிற ஒரு பொருளை வரைஞ்சுட்டு வரணும். கறுப்பு மையால வெள்ளையை எப்படி வரையறது? "வெள்ளையைத் தொடவே தொடாதீங்க ஆண்ட்டி. சுத்தி இருக்கிற இருட்டை வரைங்க, வெள்ளை தானா வெளிய வரும்"னு சொல்லிச்சு. மத்தவங்க முட்டை, கோப்பைன்னு யோசிச்சாங்க. எனக்குத்தான் கொழுப்பு. வாத்தை வரையறேன்னு முடிவு பண்ணினேன்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு. அக்கா கண்ணு காட்ட போர்டிக்சன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. வாளியைக் கவுத்துப் போட்டு வாத்துக் கூண்டுக்கு முன்னால உக்கார்ந்தேன். கம்பி வலை மறைச்சுது. நான் ஒரு கோடு போடறதுக்கு முன்னாலேயே வாத்து மேல குறுக்கும் நெடுக்குமா கோடு. சரின்னு கொக்கியைக் கழட்டிக் கதவைத் திறந்து வெச்சேன். கொஞ்ச நேரம் வாத்து அசையாம நின்னு என்னைப் பார்த்துச்சு. பரவாயில்லயே, புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சு, அது கழுத்துக்குப் பின்னால இருந்த இருட்டைக் கோடு கோடா இழுத்தேன். டீச்சர் சொன்ன மாதிரியே வெள்ளைக் கழுத்து காகிதத்துல எழும்பி வந்துச்சு. எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு.

அடுத்த நிமிஷம் நிஜக் கழுத்தும் எழும்பி வந்துச்சு. பேனாவைக் கவ்விடுச்சு. நான் இழுக்க, அது இழுக்க, இன்னொரு கையில இருந்த போத்தலை வீசிட்டேன். மை முக்காவாசி அது இடது றெக்கையில. வாத்து ஒரு கத்து, நான் ஒரு கத்து. வாளி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், என் வீட்டுப் படி வரைக்கும் தொரத்திக்கிட்டு வந்துச்சு. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்கார்ந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஜன்னல் வழியா பார்த்தா சத்தமே இல்ல. கூண்டுக்குப் போயிருக்கும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். வெளிய வந்து பார்த்தா கூண்டு காலி.

சுத்துப்பட்டு செம்பனைக்குள்ள எல்லாம் தேடினேன், இல்ல. அக்கா வர்ற நேரமாச்சு. அவங்க சிமெண்ட் வாசல்ல மைச் சொட்டு வரிசையா என் வீட்டைக் காட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். சோப்பு போட்டாலும் போகாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது பொய்யே இல்ல. கடைசியில அவங்க செம்பருத்திச் சட்டிங்களை நகர்த்தி ஒவ்வொரு சொட்டு மேலயும் ஒண்ணு வெச்சேன். படிச்ச கிராணி செய்யற வேலையா இது?

அக்கா வந்து பார்த்துட்டு கூண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. கத்துவாங்கன்னு எதிர்பார்த்தேன், கத்தல. "ஞாயித்துக்கிழமை அவன் வரான்டி"ன்னு மட்டும் சொன்னாங்க. வாத்து இல்லன்னா மகன்கிட்டச் சொல்லச் சாக்கும் இல்ல. அப்பவே சொல்லியிருக்கணும். எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டுற வாய் அன்னைக்கு ஒட்டிக்கிச்சு. நான்தான் தொரத்தி விட்டேன்னு தெரிஞ்சா இந்த மனுஷி என்கிட்ட மறுபடியும் பேசுவாங்களான்னு பயம்.

பரிகாரமா வெள்ளிக்கிழமை ஒரு நோட்டீஸ் தயார் பண்ணினேன். என் வாத்துப் படத்தையே நடுவுல வெச்சு, 'காணவில்லை'ன்னு மேல எழுதினேன். அக்கா பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "பால் வெள்ளைன்னு எழுது"ன்னாங்க. எழுதினேன். என்னா பண்றது? கோயில் வாட்ஸ்அப் புலனக் குழுவுல போட்டதும் ஊருல இருக்கிற வெள்ளை வாத்து அத்தனையும் படமா வந்து குவிஞ்சுது. ஒருத்தர் கொக்கு படத்தை அனுப்பி, இதுவான்னு கேட்டிருந்தாரு. ஒவ்வொண்ணுக்கும் அக்கா கண்ணாடியைப் போட்டு, உத்துப் பார்த்து, இல்லன்னு தலையாட்டினாங்க. அது வெள்ளையே இல்லங்கிறது தெரிஞ்ச ஒரே ஆளு நான், வாயை மூடிக்கிட்டு பக்கத்துல நின்னேன்.

சனிக்கிழமை வகுப்புக்குப் போகல. மத்தியானம் என் வீட்டுக்காரர் வேலி ஓரமா வந்து, "அக்கா, கோலா சாவாவுல ஒரு சாப்பாட்டுக்கடை மலாய்க்காரப் பாக்சிக்கோட கொல்லையில ஒரு வாத்து வந்து பூந்திருக்காம். வர்றவன் போறவனையெல்லாம் கடிக்குதாம். நாளைக்கு கெண்டூரிக்கு வெட்டிடலாம்னு பேசிக்கிட்டாங்க. ஆனா அது உங்களது இல்ல, ஒரு பக்க றெக்கை கறுப்பு"ன்னாரு. அக்கா, "நம்மளது சுத்த வெள்ளையாச்சே"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. நான் கையில இருந்த துணி பேசினைக் கீழ போட்டேன். விருந்துக்கு வெட்டப் போறாங்க! இப்ப சொல்லலன்னா எப்பவும் சொல்ல முடியாது.

சொல்லத்தான் புறப்பட்டேன். அதுக்குள்ள அக்காவே என் சமையல்கட்டுக்கு வந்துட்டாங்க. கையில தட்டு, தட்டுல வெத்தலை, சூடம். "எல்லாருக்கும் பார்த்தே. எனக்கும் ஒரு தடவை மை போட்டுப் பாரு"ன்னாங்க. இந்த ஊருலயே என் மையை நம்பாத ஒரே ஆளு! அவங்க முகத்தைப் பார்த்தா, நம்பிக்கையில வந்த மாதிரி தெரியல. வேற வழி இல்லாம வந்திருக்காங்க.

எனக்கு ஒரு கேடுகெட்ட யோசனை வந்துச்சு. மையில தெரியுற மாதிரியே சொல்லிட்டா? 'வாத்து மேல ஒரு கறுப்பு படிஞ்சிருக்கு, கோலா சாவா பக்கம் நிக்குது'ன்னு ஒரு போடு போட்டா வாத்தும் கிடைச்சுடும், என் மானமும் தப்பிச்சுடும். அருள்வாக்கு அம்மாவா இருக்கிறதுல இவ்வளவு வசதி இருக்குன்னு அதுவரைக்கும் எனக்குத் தோணவே இல்ல.

போத்தல் அடியில மிச்சம் இருந்த இந்தியன் இங்கை வெத்தலையில ஊத்தினேன். வெத்தலை வழவழப்புக்கு மை ஒட்டாம குண்டா திரண்டு பளபளன்னு நின்னுச்சு. குனிஞ்சு பார்த்தேன். அதுல என் மூஞ்சி. மூக்கு பெருத்து, கண்ணு சின்னதாகி, அப்பட்டமா திருட்டு முழி. அக்காவும் குனிஞ்சாங்க. என் மூஞ்சிக்குப் பக்கத்துல அவங்க மூஞ்சி வந்துச்சு. "உசுரோட இருக்கான்னு மட்டும் சொல்லுடி. அது இல்லன்னா நாளைக்கு அவன்கிட்ட நான் என்னத்தைச் சொல்லி இங்க இருப்பேன்?"னாங்க.

"மூஞ்சி தெரியுதுக்கா"ன்னேன்.

"யாரு மூஞ்சி?"

"என் மூஞ்சிதான். கதவைத் திறந்தது நான்தான். மையைக் கொட்டினதும் நான்தான். கோலா சாவாவுல நிக்கிற கறுப்பு றெக்கை நம்ம வாத்துதான்கா."

அக்கா என்னைப் பார்த்தாங்க. வெத்தலையைப் பார்த்தாங்க. "அதான் என் செம்பருத்திச் சட்டியெல்லாம் நடந்து வந்து வாசல்ல நின்னுச்சா?"ன்னு கேட்டாங்க. அப்படியே அந்த வெத்தலையை மையோட எடுத்து என் கன்னத்துல ஒரு அப்பு அப்பினாங்க. வலிக்கல. ஆனா அதுக்கப்பறம் நாலு நாளைக்கு ஆபீஸ்ல கன்னத்துல மாஸ்க்கை ஏத்திக்கிட்டுத்தான் உக்கார்ந்திருந்தேன். "வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதே, லோரியை எடுக்கச் சொல்லு"ன்னு கத்தினாங்க. ரெண்டு நாளா அவங்க கத்தாம இருந்ததுதான் எனக்குத் தாங்கல. அந்தக் கத்தலைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கோலா சாவா போய்ச் சேர்ந்தப்ப பாக்சிக் ரோத்தி புரட்டிக்கிட்டு இருந்தாரு. காலுல ரெண்டு இடத்துல பிளாஸ்டர். கொல்லையில கட்டிப் போட்டிருந்த வாத்து அக்காவைப் பார்த்துட்டு ஊரையே கூட்டுச்சு. பாக்சிக் லேசுல விடல. "நோட்டீஸை நானும் பார்த்தேன். வெள்ளைன்னுதானே போட்டிருந்துச்சு? இது உங்களுதுன்னு என்ன அத்தாட்சி?"ன்னு மலாய்ல கேட்டாரு. அக்கா என் தாடையைப் பிடிச்சு கன்னத்தை அவரு பக்கம் திருப்பி, "இதைப் பாருங்க, வாத்து றெக்கையைப் பாருங்க. ரெண்டும் ஒரே மை"ன்னாங்க. பாக்சிக் எச்சில் தொட்டு வாத்து மேல தேய்ச்சுப் பார்த்தாரு, போகல. என் கன்னத்துல தேய்ச்சுப் பார்க்க வந்தாரு, நான் முறைச்சேன். சிரிச்சுக்கிட்டே கயித்தை அவுத்து விட்டாரு. கறி போச்சேன்னு அவருக்கு வருத்தமா இருந்த மாதிரி தெரியல. வாத்து நேரா வந்து என் முட்டியைக் கடிச்சுது. அன்னைக்கு நான் அதைத் திட்டல.

மறுநாள் மகன் வந்தாரு. அக்கா கறுப்பு றெக்கையோட வாத்தை மடியில வெச்சுக்கிட்டு வாசல்ல உக்கார்ந்திருந்தாங்க. "பாருடா, இதுக்கு என்னமோ ஆயிருக்கு. இது பழையபடி வெள்ளையாகட்டும், அப்பறம் பேசலாம்"னாங்க. மகன் என் பக்கம் திரும்பினாரு, என் கன்னத்தை ஒரு பார்வை பார்த்தாரு. "எவ்வளவு நாளாகும் ஆண்ட்டி?"

"இறகு உதிர்ந்து புதுசு முளைக்கணும் தம்பி. நல்ல மை, லேசுல போகாது"ன்னேன். பொய் இல்ல, ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. "சரிம்மா. முழுசா வெள்ளையானதும் சொல்லுங்க, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போறேன். வாத்துக்கும் நானே ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கேன், கூட வேலை செய்யறவரு நிலம் வாங்கியிருக்காரு"ன்னாரு. அக்கா முகம் விழுந்துடுச்சு. இனிமே அந்தக் கேள்வி செல்லாது. இந்தக் கறுப்பு இருக்கிற வரைக்கும்தான் வண்டி ஓடும்.

வீட்டுப்பாடத்தை ஒரு வாரம் கழிச்சுக் கொண்டு போனேன். புதுசா வரைஞ்சிருந்தேன், ஒரு றெக்கை கறுப்பா. வெள்ளைப் பொருள்தானே கேட்டேன்னு டீச்சர் சொல்லும்னு பார்த்தேன். சொல்லல. அந்தக் கறுப்புக்குப் பக்கத்துல வெள்ளை இன்னும் வெள்ளையா தெரியுதுன்னு சொல்லி, படத்தைத் தூக்கி எல்லார்கிட்டயும் காட்டுச்சு. எனக்குப் பெருமை தாங்கல. வர்ற வழியில யாரையும் திட்டல, ஹாரனும் அடிக்கல.

மாசங்கள் போச்சு. வாத்து இறகு உதிர்க்க ஆரம்பிச்சுது. அக்கா தினமும் விடிஞ்சதும் கூண்டைக் கூட்டும்போது கறுப்பு இறகு விழுந்திருக்கான்னுதான் முதல்ல பார்ப்பாங்க. விழுந்தா பேசவே மாட்டாங்க, அன்னைக்குக் கொழம்பும் வராது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நானும் எண்ணிக்கிட்டு இருந்தேன். அவங்க போயிட்டா நான் யாரைப் பார்த்துக் கத்துவேன், என்னைப் பார்த்து யாரு கத்துவா?

போன வாரம் காலையில பசியாறிக்கிட்டு இருந்தேன். பின்கதவைத் திறந்துக்கிட்டு அக்கா உள்ள வந்தாங்க. கக்கத்துல வாத்து. அதோட மூக்கைத் துணியால சுத்திக் கட்டியிருந்தாங்க. இடது றெக்கையை விரிச்சுக் காட்டினாங்க. ஓரத்துல ஒரே ஒரு கறுப்பு இறகு, அதுவும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

"ஞாயித்துக்கிழமை வரான்"னாங்க.

நான் கையைக் கழுவிட்டு அலமாரியில இருந்து போன சனிக்கிழமை வாங்கின புதுப் போத்தலை எடுத்து, மூடியைத் திருகினேன். வெள்ளையைத் தொடவே கூடாதுன்னு டீச்சர் சொன்னதெல்லாம் காகிதத்துக்குத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மேஜை மேல பழைய பேப்பரை விரிச்சு, "எவ்வளவுக்கா ஊத்தணும்?"னு கேட்டேன்.

அக்கா வாத்தைப் பேப்பர் மேல நிறுத்தி, ரெண்டு கையாலயும் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க.

"ஒரு வருஷத்துக்குத் தாங்குற மாதிரி ஊத்துடி"ன்னாங்க.